அம்மா ஜெயிலில்தான் இருக்கிறேன்

அன்புள்ள பெரிய குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், உன் அப்பா, உன் தம்பி மூன்று பேரும் கை கால் சுகத்தோடு, ஒருவரை ஒருவர் நச்சரித்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே ஓடாமல், சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். உன் தம்பியை நன்றாகத் திட்டிவிட்டேன், அதை முதலில் தெரிந்துகொள். செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் நீ போன் செய்வாய் என்று யாருக்குத் தெரியும்? பகல் தூக்கத்தில் இருந்தவன் எழுந்து, அம்மா எங்கே என்று நீ கேட்டதற்கு, "அம்மா ஜெயில்ல இருக்காங்கக்கா, நாலு மணிக்கு விட்டுடுவாங்க" என்று சொல்லிவிட்டு, போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறுபடி படுத்துவிட்டானாம். என் போனை ஜெயில் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாயங்காலம் கையில் வாங்கிப் பார்த்தால் உன் பதினாலு அழைப்பும், "அம்மா என்ன கேஸ், வக்கீல் வேணுமா" என்ற செய்தியும் இருந்தன. கேட்டில் நின்றபடியே சிரித்துவிட்டேன், காவலர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு உன்னைக் கூப்பிட்டபோது நீ அழுகிறாயா சிரிக்கிறாயா என்றே புரியவில்லை, சரி எல்லாவற்றையும் கடிதமாக எழுதுகிறேன் என்று வைத்துவிட்டேன். போனில் சொன்னால் நீ வாக்கியத்துக்கு வாக்கியம் குறுக்கே புகுந்து சண்டை போடுவாய். கடிதத்தில் அந்தப் பாச்சா பலிக்காது.

ஆமாம், நான் ஜெயிலில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். உனக்குச் சொல்லாதது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். நான் வேலை பார்த்த பிரசவ ஆஸ்பத்திரியை மூடினபோது நீ என்ன சொன்னாய்? "போதும்மா, இருபத்தெட்டு வருஷம் நின்னுட்டே இருந்த, இனிமே உக்காரு" என்றாய். உட்கார்ந்து பார்த்தேன். மூன்று மாதம் உட்கார்ந்தேன். அலமாரியை நாலு தடவை அடுக்கினேன். உன் அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அவருக்கு உட்கார்ந்தே பழக்கம். எனக்கு உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் கேட்டுப் பார்த்தேன், வயது ஐம்பத்து மூன்று என்றதும் முகத்தை இனிப்பாக வைத்துக்கொண்டு அப்புறம் கூப்பிடுகிறோம் என்றார்கள். அப்போதுதான் பேப்பரில் ஜெயில் மருத்துவப் பிரிவுக்கு நர்ஸ் தேவை என்று சின்னதாக ஒரு விளம்பரம் வந்தது. அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்துப் பார்த்தார், அப்போதும் அதேதான் எழுதியிருந்தது. "உனக்கு வேற ஆளுங்களே கிடைக்கலையா ஊசி போட" என்று மட்டும் கேட்டார்.

முதலில் சேர்ந்த இடம் இப்போது இருக்கிற இடம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஜெயிலில் வைத்தியத்தை ஒரு கம்பெனி காண்ட்ராக்ட் எடுத்து நடத்திக்கொண்டிருந்தது. நேர்காணல் என்று உட்கார வைத்து ஆறே நிமிடத்தில் முடித்தார்கள். சர்டிபிகேட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, எப்போது சேர முடியும் என்று மட்டும் கேட்டார் மேனேஜர். எனக்கு ஒரே பெருமை, நம் அனுபவத்தைப் பார்த்து மயங்கிவிட்டார்கள் என்று. அங்கே யாருமே ஆறு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை, கையும் காலும் இருந்தால் போதும் என்று எடுக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் கூத்தைக் கேள். அப்பா என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாமல் எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி, இரண்டு மணி, மதியம் தாண்டியும் அந்த இரும்புக் கதவையே பார்த்தபடி இருந்திருக்கிறார். கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று விசாரித்திருக்கிறார். என் மனைவி என்றிருக்கிறார் இவர். கடைக்காரர் ஒரு டீயை ஆற்றிக் கையில் கொடுத்து, "மனசை விட்டுடாதீங்க சார், பொம்பளைங்களுக்குச் சீக்கிரமே ஜாமீன் குடுத்துடறாங்க" என்றாராம். இவரும் பதறிப்போய் அவள் நர்ஸ் என்று சொல்ல, "நர்ஸ் கேஸா? அதெல்லாம் பெரிய செக்‌ஷன் வராது, வெளியே எடுத்துடலாம்" என்று அதற்கும் ஆறுதல் சொல்லியிருக்கிறார். நான் சாயங்காலம் பையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்து அந்த மனுஷர் அசந்துபோய்விட்டார், ஒரே நாளில் விட்டுவிட்டார்களே என்று.

வேலை எப்படி என்று நீ கேட்பாய். கதவு, பூட்டு, கதவு, பூட்டு. ஒன்று பின்னால் சாத்தினால்தான் அடுத்தது முன்னால் திறக்கும், நடுவில் நின்று காத்திருக்கப் பழக வேண்டும்.  காலையில் மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வருவார்கள். பேரைக் கேட்டு, சீட்டைப் பார்த்து, மாத்திரையைக் கையில் போட்டு, தண்ணீர் குடிக்க வைத்து, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்ல வேண்டும், ஒளித்து வைத்துக்கொண்டு பிறகு விற்றுவிடக் கூடாதே என்றுதான். நான் பிரசவ வார்டில் கத்திப் பழகிய குரலில் "ஆ காட்டுங்க" என்பேன். ஒரு வாரத்தில் எனக்கு ஆ சிஸ்டர் என்று பேர் வைத்துவிட்டார்கள். தூரத்தில் வண்டிச் சக்கரம் சத்தம் கேட்டாலே நாலைந்து பேர் வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள், பறவைக் குஞ்சுகள் மாதிரி. அவர்கள் என்ன செய்துவிட்டு வந்தார்கள் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் கை கோணிவிடும். பல்வலி என்று வந்தவனுக்குப் பல் மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஏழு வாரம் இப்படிப் போயிற்று. அறுநூறு பேருக்கு ஒரு ஷிப்டில் இரண்டு நர்ஸ், அதிலும் ஒருத்தி அடிக்கடி வரமாட்டாள், நான் ஒண்டியாக ஓடுவேன். புதிதாக உள்ளே வருகிறவர்களை அன்றைக்கே பரிசோதனை செய்ய வேண்டும், என்ன வியாதி, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று எழுத வேண்டும், அது சட்டம். ஒரு நாள் மேனேஜர் என் மேஜையில் பதினோரு தாள்களை வைத்தார். பதினோரு பேருடைய பேர், எல்லாக் கட்டத்திலும் நார்மல் நார்மல் என்று ஏற்கெனவே எழுதியிருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். இவர்களை நான் கண்ணாலேயே பார்க்கவில்லையே என்றேன். "சும்மா பேப்பர்தான் சிஸ்டர், எல்லாரும் நல்லாத்தான் நடமாடறாங்க. ரெண்டு நிமிஷ வேலை" என்றார். சரி, நான் இப்போதே பதினோரு பேரையும் பார்த்துவிடுகிறேன், பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அதற்கெல்லாம் நேரமில்லை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் பேனாவைத் தொடவே பிடிக்கவில்லை. டியூட்டி முடிந்தும் கிளம்பவில்லை. தலைமைக் காவலர் ஒருவர் உண்டு, மீசை பெரிது, பேச்சு சிறிது. அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவராகக் கூட்டி வந்தார். ஒன்பதாவது ஆள் தையல்காரர், ஒல்லியாக இருந்தார். என்ன மருந்து சாப்பிடுவீர்கள் என்றேன். "வலிப்புக்கு மாத்திரை உண்டு சிஸ்டர், வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன், அஞ்சு நாளாச்சு. யாரும் கேக்கலை, நானும் சொல்லலை" என்றார். முந்தின நாள் ராத்திரி வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறார், ரத்தம் காய்ந்து உதட்டோரம் ஒட்டியிருந்தது.  அவர் தாளிலும் நார்மல் என்றுதான் எழுதியிருந்தது. டாக்டருக்குப் போன் போட்டு, மாத்திரையை வரவழைத்து, முதல் வேளை அவர் விழுங்கி ஆ காட்டின பிறகுதான் நான் வீட்டுக்குப் போனேன். அந்தப் பதினோரு தாளையும் கிழிக்கவில்லை, புதிதாகப் பதினோரு தாள் எழுதி மேலே வைத்தேன்.

மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்ததும் மேனேஜர் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்கும் இந்த இடத்துக்கும் ஒத்துவராது சிஸ்டர், நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷத்தில் என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பியதில்லை கண்ணு. சரியாகத்தான் செய்தேன் என்று புத்திக்குத் தெரிகிறது, ஆனாலும் கேட்டைத் தாண்டும்போது திருடிவிட்டுப் போகிற மாதிரித் தலை குனிந்துகொண்டுதான் போனேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னபோது ஒரு நொடி அவர் முகத்தில் சந்தோஷம் வந்தது, அதை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் மறைத்துக்கொண்டார். பிறகு நாலு நாள் நான் வாயே திறக்காமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவரே, "போய் வேற ஜெயில் ஏதாவது இருக்கான்னு பாரேன், உன் மூஞ்சியை இப்படிப் பாக்க முடியலை" என்றார். அடுத்த வேலை கிடைக்கிறவரை வந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நீ போன் செய்து எப்படி இருக்கிறாய் என்று கேட்பாய். நன்றாக இருக்கிறேன், ரெஸ்ட் எடுக்கிறேன் என்பேன். ஆறு வாரம் அப்படிப் பொய் சொன்னேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது ஜெயிலில் சேர்ந்ததற்கு இல்லை, அந்த ஆறு வாரத்துக்குத்தான்.

அப்புறம் தேட ஆரம்பித்தேன். இந்த முறை ஏமாறக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டேன், அவர்கள் என்னைக் கேள்வி கேட்டால் நானும் அவர்களைக் கேட்பது என்று. ஒரு இடத்தில் ஒரு ஷிப்டுக்கு எத்தனை நர்ஸ் என்று கேட்டேன், "அதெல்லாம் நீங்க ஏன் கேக்கறீங்க" என்றார்கள். நமஸ்காரம் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இன்னொரு இடத்தில் மருந்து அறையைப் பார்க்கலாமா என்றேன், சாவி யாரிடம் இருக்கிறது என்பதிலேயே அவர்களுக்குள் தகராறு வந்துவிட்டது. கடைசியில் வழி காட்டினது அந்த மீசைக்காரத் தலைமைக் காவலர்தான். பஸ் நிறுத்தத்தில் பார்த்தார், என்னைக் கண்டதும் மீசையைத் தடவிக்கொண்டே வந்து, "ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற ஜெயிலுக்குப் போய்ப் பாருங்கம்மா. அங்க நர்ஸுங்க பத்து வருஷம் பன்னெண்டு வருஷம்னு இருக்காங்க. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல" என்றார். அவர் வாழ்நாளில் பேசின மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

போனேன். அங்கே வைத்தியத்தை ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பெரிய டாக்டரம்மா என்னைவிட நாலு வயது சின்னவராக இருப்பார், தலைமுடியைக் கொண்டை போட்டுப் பேனாவைச் செருகிக்கொண்டு, பிறகு அதே பேனாவை மேஜையெல்லாம் தேடுவார். முந்தின வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன், குடும்பச் சூழ்நிலை என்று நாகரிகமாகச் சொல்லிவிடலாம் என்று. வாயைத் திறந்ததும் உண்மைதான் வந்தது. விடவில்லை, அனுப்பிவிட்டார்கள் என்று பதினோரு தாள் கதையை முழுக்கச் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும், போச்சு, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான் என்று பையைக்கூட எடுத்துவிட்டேன். அவர் மேஜையில் பேனாவைத் தேடினார். பிறகு, "அந்தத் தையல்காரர் இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது, அதன் பிறகு என்னை உள்ளே விடவில்லையே என்றேன். அவர் உடனே போனை எடுத்து, யாரோ தெரிந்த அதிகாரியைப் பிடித்து, இன்னாருக்கு மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று விசாரித்தார். போகிறதாம், மறுபடி வலிப்பு வரவில்லையாம். அதைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறு வாரமாக என்னிடம் எல்லாரும் உனக்கு எதற்கு வம்பு என்றுதான் கேட்டார்கள், அந்த மனுஷன் எப்படி இருக்கிறான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சம்பளம் என்ன என்று கேட்க மறந்தே போய், சேருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா இன்றுவரை அதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. ஷிப்டுக்கு ஐந்து நர்ஸ், ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டரம்மாவே வண்டி தள்ள வருவார், தள்ளவும் தெரியாது, எல்லாச் சுவரிலும் இடிப்பார். டீ குடிக்கப் பதினைந்து நிமிடம் என்றால் பதினைந்து நிமிடம்தான், யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் எல்லாம் வெல்லக்கட்டி என்று நினைக்காதே. மூன்றாம் மாதம் நான் ஒரு பெரிய தப்புச் செய்துவிட்டேன். அடுத்தடுத்த அறையில் ஒரே பேர் உள்ளவர்கள் இரண்டு பேர், ஒருவர் லாரி ஓட்டினவர், மற்றவர் பெயின்ட் அடிக்கிறவர். லாரிக்காரருடைய பி.பி. மாத்திரையைப் பெயின்டருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் விழுங்கி ஆ காட்டி, சிரித்துவிட்டுப் போயும்விட்டார். அடுத்த ஜன்னலில் லாரிக்காரர் வந்து அதே பேரைச் சொன்னபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாரும் பார்க்கவில்லை குட்டி. சீட்டில் ஒரு திருத்தம் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் வந்ததா என்றால், ஒரு நொடி வந்தது. இரண்டாவது தடவையும் வேலை போய்விடுமே என்று பயந்தேன். வண்டியைப் பூட்டிவிட்டு நேரே டாக்டரம்மாவிடம் போய், நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன் டாக்டர் என்றேன். 

அவர் திட்டவில்லை. எழுந்து என்னோடு ஓடி வந்தார். பெயின்டரைப் படுக்க வைத்து, காலை உயர்த்தி, அரை மணிக்கு ஒரு தடவை பி.பி. பார்த்தோம். கொஞ்சம் இறங்கிற்று, தலை சுற்றுகிறது என்றார், நடந்ததை நானே அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கைதியிடம் போய் மன்னிப்புக் கேட்பதா என்று காவலர் ஒருவர் முணுமுணுத்தார். டாக்டரம்மா திரும்பி, "பேஷண்ட்கிட்ட கேக்கறாங்க" என்றார். சாயங்காலம் வரை நான் அந்தக் கட்டில் பக்கத்தைவிட்டு நகரவில்லை. எல்லாம் சரியான பிறகு பெயின்டர் என் முகத்தைப் பார்த்து, "சிஸ்டர், எனக்கு இறங்கினதெல்லாம் உங்களுக்குத்தான் ஏறியிருக்கும் போல, நீங்க வந்து கொஞ்சம் படுங்க" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன்.

மறுநாள் எல்லா நர்ஸையும் உட்கார வைத்தார் டாக்டரம்மா. யார் செய்தது என்று பேசவே இல்லை, எதனால் நடந்தது என்றுதான் பேசினார்கள். பன்னிரண்டு வருஷமாக இருக்கிற மூத்த சிஸ்டர் தானும் இதே இரண்டு பேரிடம் ஒரு தடவை தடுமாறினதாகச் சொன்னாள். இப்போது எல்லாச் சீட்டிலும் போட்டோ ஒட்டியாயிற்று, ஒரே பேர் உள்ளவர்களை வேறு வேறு வரிசையில் வைத்தாயிற்று. லாரிக்காரர் தன் போட்டோ நன்றாக இல்லை என்று இரண்டு தடவை மாற்றச் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன், நல்ல முதலாளி யார் என்று யாராவது என்னைக் கேட்டால், தப்புச் செய்தவள் ஓடி ஒளியாமல் எவரிடம் போய்ச் சொல்ல முடிகிறதோ அவர்தான் என்பேன். போன வாரம் என்னை நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள். அந்தத் தாளை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தார். மேல்வீட்டு டீச்சரிடம் இத்தனை நாளும் நான் ஏதோ அரசாங்க விடுதியில் வேலை பார்ப்பதாகத்தான் சொல்லி வைத்திருந்தார், அன்று மாடி ஏறிப் போய் ஜெயில் என்று சொல்லிவிட்டு வந்தார். டீச்சர் ஒன்றும் மிரளவில்லையாம், தன் தம்பி மகன் ஒருவன் எங்கேயோ உள்ளே இருக்கிறான் என்று அப்போதுதான் சொன்னாராம். இரண்டு வருஷமாக மேலும் கீழுமாகக் குடியிருக்கிறோம், ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறோம் பார்.

நீ என்னைப் பற்றிப் பயப்படாதே. ஆஸ்பத்திரியில் பிரசவ வலியில் என்னைக் கடித்தவர்கள் உண்டு, இங்கே இதுவரை யாரும் கடிக்கவில்லை. உன் தம்பி பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று தூங்குகிறான், நீ அடுத்த முறை பேசும்போது மிரட்டி வை. அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, நடக்கச் சொன்னால் நடப்பதில்லை. நீ வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதாக உன் அறைத்தோழி சொன்னாள், என்னிடம் சொன்னதற்காக அவளோடு சண்டைக்குப் போகாதே.

லீவில் வரும்போது ரயிலை விட்டு இறங்கி நேரே என் வேலை இடத்துக்கு வா, உன்னை அங்கே எல்லாருக்கும் காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. மதியம் கேட்டுக்கு வெளியே ஒரு நீள வரிசை நிற்கும், உள்ளே இருப்பவர்களைப் பார்க்க வந்தவர்கள், உன் வயதுப் பெண்களும் நிறைய நிற்பார்கள். நர்ஸின் மகள் என்று சொல்லி அவர்களைத் தாண்டிக்கொண்டு முன்னால் போகாதே. ஓரமாக நின்று அவர்கள் எல்லாரும் உள்ளே போகட்டும் என்று காத்திரு. நான் எப்படியும் நாலு மணிக்கு வெளியே வந்துவிடுவேன் கண்ணு. அவர்கள் யாரைப் பார்க்க வந்தார்களோ அவர்கள் வெளியே வர மாட்டார்கள்.

நீ நோய் நொடி இல்லாமல், நல்லவர்கள் நடுவில், நிறைந்த மனசோடு நூறு வயது இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். அப்பாவும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டுகிறார், அதையும் ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்.

என்றும் உன் பிரியமுள்ள,
அம்மா